பூனைக்குட்டியோட எடையையும் கொஞ்சம் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல செல்லப்பிராணிகள் பத்தி எது வந்தாலும் நான் முதல்ல அதைத்தான் படிக்கிறது, பூனைக்குட்டி படமெல்லாம் அவ்ளோ அழகா போடுறீங்க, என்ன பேர் வைக்கலாம், எப்படி விளையாட்டு காட்டலாம், எங்க படுக்க வைக்கலாம்னு எல்லாமே வருது. ஆனா அந்தக் குட்டி என்ன எடை இருக்கணும், ஒரு நாளைக்கு எவ்ளோ ஏறணும், ஏறலைன்னா எப்ப டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும், இதைப் பத்தி ஒரு வரி கூட நான் பார்த்ததில்ல. தாயில்லாத குட்டிகளை எடுத்து வளர்த்து நல்ல வீடுகளுக்குக் கொடுக்கிற வேலையை ரொம்ப வருஷமா பண்ணிட்டு இருக்கேன், அந்த உரிமையில தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், இடம் இல்லைன்னா வெட்டிக்கோங்க, நம்பரை மட்டும் வெட்டிடாதீங்க.

பொறந்து சில வாரம் வரைக்கும் குட்டி உடம்பு சரியில்லைன்னா நம்மகிட்ட சொல்லிக்காது. நாய்க்குட்டி மாதிரி முனகாது, நொண்டாது, எப்பவும் போல சுருண்டு தூங்கும், அம்மா மடியில வாயை வச்சுட்டு இருக்கும், பார்க்கிறவங்களும் "பால் குடிக்குது, தூங்குது, நல்லாத்தான் இருக்கு"ன்னு விட்டுடுவாங்க. அப்புறம் ஒருநாள் காலையில பார்த்தா துணி மாதிரி துவண்டு கிடக்கும், தொட்டா சில்லுன்னு இருக்கும், அந்த நிலைமைக்கு வந்த குட்டியை பிழைக்க வைக்கிறது டாக்டருக்கே பெரும்பாடு. ஆனா அதுக்கு முன்னாடியே, ஒரு நாளோ ரெண்டு நாளோ முன்னாடியே, எடை நின்னு போயிருக்கும் இல்ல குறைஞ்சிருக்கும். நிறைய குட்டிங்க விஷயத்துல கண்ணுக்குத் தெரியிற முதல் அறிகுறியே அதுதான், அதைப் பார்க்க தராசு வேணும், கண்ணு பத்தாது.

இப்ப நம்பருக்கு வர்றேன். பொறந்த குட்டி பெரும்பாலும் 80ல இருந்து 120 கிராம் வரைக்கும் இருக்கும், சுமாரா 100னு வச்சுக்கலாம். 80க்கும் கீழ இருக்கிற குட்டின்னா ஆரம்பத்துல இருந்தே தனி கவனிப்பு வேணும். முதல் நாள் எடை ஏறாம இருக்கலாம், லேசா குறையக்கூட செய்யலாம், அதுக்கு பயப்பட வேண்டாம், ஆனா பொறந்த எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சா சும்மா இருக்கக்கூடாது. அடுத்த நாள்ல இருந்து தினமும் 10ல இருந்து 15 கிராம் ஏறணும். ஒரு வாரம் பத்து நாள்ல, ரொம்ப போனா ரெண்டு வாரத்துக்குள்ள, பொறந்தப்ப இருந்த எடை ரெண்டு மடங்கு ஆகிடணும். அதுக்கப்புறம் வாரத்துக்கு சுமார் 100 கிராம். ஒரு மாசக் குட்டி 450 கிராம் பக்கத்துல இருக்கும், ரெண்டு மாசத்துல 900, மூணு மாசத்துல ஒரு கிலோ முந்நூறு நானூறு. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டாம், நூறுங்கிற ஒரே நம்பர் போதும், பொறக்கும்போது நூறு, அப்புறம் வாரத்துக்கு நூறு. பத்து இருபது கிராம் முன்ன பின்ன இருந்தா அது அந்தக் குட்டியோட உடல்வாகு. பக்கத்து வீட்டுக் குட்டியோட கம்பேர் பண்ணாதீங்க, அதே குட்டியோட நேத்து எடையோட இன்னிக்கு எடையை கம்பேர் பண்ணுங்க, அதுல தான் விஷயமே இருக்கு.

எடை பார்க்க பெருசா ஒண்ணும் வேண்டாம், சமையலறையில வைக்கிற டிஜிட்டல் தராசு போதும், ஒவ்வொரு கிராமா காட்டணும் அவ்ளோதான். மனுஷங்க ஏறி நிக்கிற மிஷின் இதுக்கு ஆகவே ஆகாது, 100 கிராம் வித்தியாசமே அதுல சரியா தெரியாது, நமக்கு வேண்டியது 10 கிராம் வித்தியாசம். சிலர் குட்டியை நேரா தராசு மேல வச்சு பார்ப்பாங்க, அது சில்லுன்னு இருக்கும், குட்டி நாலு காலையும் பரப்பிக்கிட்டு நகரப் பார்க்கும், நம்பர் 140, 152, 131னு தாவிட்டே இருக்கும், எதை எழுதறதுன்னே தெரியாது. அதனால கொஞ்சம் ஆழமான ஒரு கிண்ணம் எடுத்து உள்ள மெத்துனு ஒரு துணி போட்டு தராசுல வச்சு ஜீரோ பட்டனை அழுத்திட்டு அப்புறம் குட்டியை இறக்குங்க. முதல்ல கத்தும், மூக்கை தூக்கி தலையை ஆட்டி தேடும், அது மேல ஒரு கையை படாம குடை மாதிரி பிடிச்சா அந்த வெதுவெதுப்புக்கு அடங்கி ஒரு மூணு செகண்ட் அப்படியே படுக்கும், நம்பர் நிக்கும், அதை எழுதிக்கணும். ஒரு மாசம் தாண்டின வாலுங்களுக்கு டப்பா உயரமா இருக்கணும், இல்லைன்னா ஏறி குதிச்சு ஓடிடும்.

தினமும் ஒரே நேரம், பால் குடிக்கிறதுக்கு முன்னாடி பாருங்க. இன்னிக்கு குடிக்கிறதுக்கு முன்னாடி நாளைக்கு குடிச்சதுக்கு அப்புறம்னு பார்த்தா வயித்துல இருக்கிற பாலையே வளர்ச்சின்னு நினைச்சுடுவோம். எல்லா குட்டியும் ஒரே கலரா இருந்தா எது எதுன்னு குழம்பும், அதுக்காக கழுத்துல ரிப்பன், நூல் எல்லாம் கட்டாதீங்க, குட்டி வேகமா வளரும், நூல் வளராது, கழுத்தை இறுக்கிடும், அம்மாவோட காலோ பல்லோ மாட்டினாலும் ஆபத்து. வால் நுனி வெள்ளை, மூக்குல புள்ளி, இடது பாதம் கருப்புன்னு ஏதாவது ஒரு அடையாளம் கண்டிப்பா இருக்கும், அதை நோட்டுல பேருக்கு பதிலா எழுதிக்கலாம். ஒரு மாசம் வரைக்கும் தினமும், ரெண்டு மாசம் வரைக்கும் வாரத்துல ரெண்டு மூணு தடவை, அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் வாரம் ஒரு தடவை போதும். உடம்பு சரியில்லாத குட்டின்னா மட்டும் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை.

இதனால என்ன பிரயோஜனம்னு கேட்கிறவங்களுக்காக என் நோட்டுல இருந்து ஒரு பக்கம் சொல்றேன். அம்மாவோட வந்த குட்டிங்க, அதுல சாம்பல் கலர் ஒண்ணு, பொறந்தப்ப 96 கிராம். அடுத்தடுத்த நாள் 98, 109, 121, 123, 122. மத்த குட்டிங்க எல்லாம் அந்த நேரத்துல 150ஐ தாண்டி போயிட்டு இருந்துச்சு. பார்க்க சாம்பல் குட்டிக்கு ஒரு குறையும் இல்ல, அம்மா மடியில எப்பவும் அதுதான் ஒட்டிக்கிட்டு கிடக்கும், வீட்ல எல்லாரும் இதுதான் சரியான சாப்பாட்டு ராமன்னு சொல்லிட்டு இருந்தாங்க. அந்த 122ஐ பார்த்துட்டு பக்கத்துலயே உட்கார்ந்து கவனிச்சேன், வாய் மடியில இருக்கு ஆனா தொண்டை அசையலை, காது அசையலை, ரெண்டு குட்டிங்க வந்து முட்டினா உடனே நழுவி பின்னாடி போயிடுது, திரும்ப வர்றப்ப பால் இல்லாத ஓரத்துக் காம்புல தான் இடம் கிடைக்குது. டாக்டர்கிட்ட காட்டி வேற நோய் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, தினமும் சில வேளை குட்டிப் பால் பவுடர் கலக்கி நான் கொடுத்தேன், மத்த குட்டிங்களை கொஞ்ச நேரம் தள்ளி வச்சுட்டு இதை மட்டும் நல்ல காம்புல விட்டேன். அடுத்த நாள் 131. அந்த நம்பரை எழுதும்போது வந்த சந்தோஷத்தை சொல்லி முடியாது. பால் குடிக்கிறப்ப குட்டியோட காது லேசா துடிக்கும், நாக்கு சுருண்டு காம்பை பிடிச்சிருக்கும், முன்னங்கால் மாத்தி மாத்தி அமுக்கும், இதெல்லாம் இருந்தா தான் உள்ள பால் போகுதுன்னு அர்த்தம், சும்மா ஒட்டிட்டு இருக்கிறது குடிக்கிறது ஆகாது.

எடை நின்னா முதல்ல எல்லாருக்கும் தோணுறது பால் பத்தலையோங்கிறது தான், ஆனா அதுக்கும் முன்னாடி பார்க்க வேண்டியது சூடு. முதல் மூணு வாரம் குட்டியால தன் உடம்பு சூட்டை தானே பிடிச்சு வச்சுக்க முடியாது, அம்மாவும் கூடப் பொறந்ததுங்களும் தான் அதுக்கு போர்வை. உடம்பு குளிர்ந்துட்டா குடல் வேலை செய்யாது, அப்ப பாலை ஊத்தினா அது செரிக்காம வயித்துலயே தங்கும், வாந்தியா வந்து நுரையீரலுக்கும் போகலாம். அதனால குளிர்ந்து கிடக்கிற குட்டிக்கு பசிக்குதேன்னு உடனே பால் கொடுக்கவே கூடாது, முதல்ல மெதுவா சூடாக்கணும், துணி சுத்தின வெந்நீர் பாட்டில் படுக்கையோட ஒரு பக்கம் மட்டும் வைங்க, அதிகமா சூடானா குட்டி நகர்ந்து போக மறுபக்கம் இடம் வேணும். வாயை தொட்டுப் பார்த்து உள்ள வெதுவெதுன்னு ஆனதும் தான் பால்.

பாலும் எந்தப் பாலுன்னு இருக்கு. பசும்பால் வேண்டாம். தாய்ப்பூனையோட பால்ல புரதமும் கொழுப்பும் பசும்பாலை விட ரொம்ப அதிகம், லாக்டோஸ் கம்மி, பசும்பாலை கொடுத்தா பேதி தான் பிடுங்கும், தண்ணி கலந்து கொடுத்தா இன்னும் மோசம், வயிறு நிறையும் உடம்பு தேறாது. பூனைக்குட்டிக்குன்னே வர்ற பால் பவுடர் இருக்கு, பாக்கெட்டுல போட்டிருக்கிற அளவுப்படி கலக்கணும், சிக்கனம் பார்த்து தண்ணியா கலக்கக்கூடாது. ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு சுமார் 4 மில்லி தான் அதோட வயிறு தாங்கும், பாருங்க இதுக்கும் எடை தெரிஞ்சா தான் கணக்கு போட முடியும். முதல் வாரம் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து தான், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இடைவெளி விடலாம்.

குழந்தையை மாதிரி மல்லாக்க படுக்க வச்சு ஊட்டுற படங்கள் எங்க பார்த்தாலும் இருக்கு, தயவுசெஞ்சு உங்க பேப்பர்ல அந்த மாதிரி படம் போடாதீங்க. குட்டி வயிறு கீழே இருக்கிற மாதிரி, அம்மாகிட்ட குடிக்கிற அதே நிலையில தான் கொடுக்கணும், மல்லாக்க வச்சா பால் மூச்சுக்குழாய்ல போய் நிமோனியா ஆகும். மூக்கு வழியா பால் திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா வாயைத் திறந்து மேலண்ணம் பிளந்திருக்கான்னு பார்க்கச் சொல்லி டாக்டர்கிட்ட போங்க. இன்னொண்ணு, மூணு வாரம் வரைக்கும் குட்டிக்கு தானா ஒண்ணுக்கு ரெண்டுக்கு போக வராது, அம்மா நக்கி நக்கி தான் போக வைக்கும், அம்மா இல்லைன்னா வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச பஞ்சால நாம தான் மெதுவா தொட்டு தொட்டு துடைக்கணும். அப்ப வர்ற சிறுநீரோட கலரை பாருங்க, கிட்டத்தட்ட நிறமே இல்லாம இருந்தா நல்லது, அடர் மஞ்சளா இருந்தா உடம்புல தண்ணி பத்தலைன்னு அர்த்தம்.

பால் நல்லா குடிக்குது, சூடும் இருக்கு, அப்பவும் எடை ஏறலையா, அடுத்தது புழு. உருண்டைப்புழு அம்மாவோட பால் வழியாவே குட்டிக்கு வந்துடும், அதனால வீட்டுக்குள்ளயே இருக்கிற குட்டிக்கு எப்படி புழு வரும்னு கேட்கிறதுல அர்த்தமில்ல. ரெண்டு வாரத்துல இருந்தே டாக்டர் சொல்ற இடைவெளியில புழு மருந்து ஆரம்பிப்பாங்க. வயிறு பானையா உப்பி, முதுகெலும்பும் விலாவும் கைக்கு தட்டுப்பட்டா அது கொழு கொழு குட்டி இல்லைங்க, புழு நிறைஞ்ச குட்டியா இருக்கலாம், இதைப் பார்த்து "என்னமா குண்டா இருக்கு"ன்னு கொஞ்சுறவங்க நிறைய பேர். அப்புறம் தெள்ளுப்பூச்சி. பெரிய பூனைக்கு அரிப்போட போகும், 200 கிராம் குட்டிக்கு உடம்புல இருக்கிற ரத்தமே கொஞ்சம், அதை தெள்ளு உறிஞ்சினா ரத்தசோகை வந்து செத்தே போகும். ஈறு ரோஸ் கலரா இருக்கணும், வெளுத்திருந்தா உடனே ஓடணும். பெரிய பூனைக்கு வாங்கின தெள்ளு மருந்தை கொஞ்சமா போட்டா போச்சுன்னு போடாதீங்க, நாய்க்கு வாங்கினதை கிட்டவே கொண்டு போகாதீங்க. மனுஷங்க மாத்திரையும் அப்படித்தான், பாரசிட்டமால் பூனைக்கு விஷம். எந்த மருந்தா இருந்தாலும் டாக்டர் கேட்கிற முதல் கேள்வி என்ன எடைங்கிறது தான், 300 கிராம் குட்டிக்கு "அரை கிலோ இருக்கும் டாக்டர்"னு குத்துமதிப்பா சொன்னா மருந்து எவ்ளோ அதிகமா போகும்னு யோசிச்சுப் பாருங்க.

எடை மட்டும் தனியா ஒண்ணும் சொல்லாது, வயசும் தெரியணும். 400 கிராம் குட்டி மூணரை வாரம்னா அருமையான வளர்ச்சி, அதே 400 கிராம் ரெண்டு மாசக் குட்டின்னா ஏதோ பெரிய பிரச்சனை. வெளிய கிடைச்ச குட்டிக்கு பொறந்த தேதி யாருக்குத் தெரியும், அதுக்கு உடம்பையே பார்க்கணும். தொப்புள்கொடி ஒட்டிட்டு இருந்தா பொறந்து சில நாள் தான் ஆகுது. கண்ணு ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள திறக்கும், தானா திறக்கட்டும், விரலால பிரிக்கக்கூடாது. திறந்தப்ப எல்லா குட்டிக்கும் நீலக் கண்ணுதான், ஆறு ஏழு வாரத்துல தான் பெரும்பாலும் அதோட சொந்தக் கலர் வரும். முன்பக்கம் பொடிப்பொடியா வெட்டுப்பல் ரெண்டு மூணு வாரத்துல, கோரைப்பல் மூணு நாலு வாரத்துல, பின்னாடி பல் நாலுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள. விரல் நுனியால ஈறை லேசா தடவினாலே அரிசி நொய் மாதிரி தட்டுப்படும், எத்தனை இடத்துல தட்டுப்படுதுன்னு பார்த்து வயசை ஓரளவு கணிச்சுடலாம், அப்புறம் எடையோட பொருத்திப் பாருங்க.

வெளிய கிடைச்ச குட்டின்னு சொன்னதும் ஞாபகம் வருது, குட்டி தனியா கிடந்தாலே அநாதைன்னு தூக்கிட்டு வந்துடாதீங்க. சுத்தமா, வயிறு நிறைஞ்சு, அமைதியா தூங்குற குட்டின்னா அம்மா இரை தேடி போயிருக்கும், தள்ளி நின்னு சில மணி நேரம் பாருங்க. அழுக்கா, ஓயாம கத்திட்டு, தொட்டா சில்லுன்னு இருந்தா தான் எடுக்கணும். எந்தப் பவுடரும் அம்மா பாலுக்கு ஈடு இல்ல, அதுவும் பொறந்த முதல் நாள் வர்ற சீம்பால்ல தான் நோய் எதிர்ப்பு சக்தி வருது, முதல் நாள் தாண்டிட்டா குடலால அதை உறிஞ்சிக்கவே முடியாது.

நாலு வாரம் ஆனதும் கெட்டியான சாப்பாடு பழக்குறப்ப எடை ஒரு நாள் அப்படியே நிக்கலாம், மூஞ்சியெல்லாம் பூசிக்கும், பாதி கீழ கொட்டும், வயித்துக்குள்ள போறது கொஞ்சம்தான், அதுக்காக பதற வேண்டாம், பாலை டக்குனு நிறுத்தாம ரெண்டையும் சேர்த்து கொடுத்துட்டு வந்தா போதும். ஆனா அதே நேரம் பேதி இருந்து எடையும் குறைஞ்சா காத்திருக்காதீங்க, அந்த வயசுல தண்ணிச்சத்து போறது ரொம்ப வேகம். நாலு வாரத்துக்குக் கீழ இருக்கிற குட்டின்னா ஒரு முழு நாள் எடை ஏறலைன்னாலே நான் டாக்டருக்கு போன் பண்ணிடுவேன், குறைஞ்சிருந்தா நேர்லயே போயிடுவேன், பதட்டக்காரின்னு பேர் வாங்கினாலும் சரி.

ரெண்டு மாசத்துக்கு மேல ஆண் குட்டி பெண் குட்டியை விட கொஞ்சம் வேகமா ஏறும், அது சகஜம். ஆறு மாசத்துல வேகம் குறையும், ஒரு வயசுல பெரும்பாலும் வளர்ச்சி முடியும், மெயின் கூன் மாதிரி பெரிய ஜாதி மட்டும் இன்னும் சில வருஷம் வளரும். கருத்தடை பண்ணினதுக்கு அப்புறம் பசி கூடும், செலவாகுற சக்தி குறையும், அப்பவும் பழைய அளவே தட்டுல போட்டா எடை தேவைக்கு மேல ஏறும், அங்கயும் அதே தராசு தான் உதவும்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்கிறது ரெண்டு விஷயம். அடுத்த தடவை பூனைக்குட்டி பத்தி போடும்போது ஒரு ஓரமா வாரவாரியா எடை அட்டவணை ஒண்ணு போடுங்க, ஒரு கால்நடை மருத்துவரை வச்சு சரிபார்த்து போட்டா இன்னும் நல்லது, வெட்டி எடுத்து அலமாரி கதவுல ஒட்டிக்கிற அளவுக்கு பெரிய எழுத்துல இருக்கட்டும். அப்புறம் குட்டியை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கிறவங்களுக்கு உங்க பேப்பர் வழியா ஒரு வார்த்தை சொல்லுங்க, எட்டு வாரம் ஆகிறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட இருந்து பிரிச்சுக் கொடுக்காதீங்க, கொடுக்கும்போது தடுப்பூசி, புழு மருந்து போட்ட தேதியோட கூட அந்தக் குட்டியோட எடை எழுதின பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்க. வாங்கிட்டுப் போறவங்களும் அது இல்லைன்னா கேட்டு வாங்குங்க, வீட்டுக்குப் போன அன்னிக்கே ஒரு தடவை தராசுல வச்சு அதுக்குக் கீழ எழுதுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி